கீழ்ப் பல் செட்டுக்கு மினி இம்பிளாண்ட்: போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, பினாங்கின் பிறையில் எங்களோடு இருக்கிறார். பல் எல்லாம் எடுத்து 15 ஆண்டாகிறது. இப்போது போட்டிருக்கும் செட் 9 ஆண்டுக்கு முன் செய்தது. மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் வாயில் நிற்பதே இல்லை. காலையில் பசை தடவிப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் எழும்பிவிடுகிறது, ஈறும் அடிக்கடி புண்ணாகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மேலே நாலு, கீழே நாலு மினி இம்பிளாண்ட் போட்டு இதே செட்டை மாட்டிவிடலாம். வெட்டு இல்லை, தையல் இல்லை, ஒரே நாள் வேலை" என்றார்கள். அம்மாவுக்கு இனிப்புநீர் உண்டு. கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.8. மெட்ஃபார்மின், கிளிக்லசைட், இதயத்துக்கு ஆஸ்பிரின், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை (6 ஆண்டாக) எடுக்கிறார். வெற்றிலை போடும் பழக்கமும் இருக்கிறது. இதைச் செய்யலாமா? எத்தனை ஆண்டு தாங்கும்? ஈப்போவில் என் சித்திக்குப் பெரிய இம்பிளாண்ட் இரண்டுதான் போட்டார்கள், எது நல்லது? பிற்பாடு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் தடையாகுமா?
— பிறை வாசகி

பதில்: சகோதரி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கீழே நான்கு மினி என்பது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தக்கூடிய யோசனைதான், முப்பரிமாண ஸ்கேன் பார்த்த பிறகு. மேலே நான்கு வேண்டாம். 9 ஆண்டுப் பழைய செட்டையே மாட்டுவதும் வேண்டாம். மினி இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் இறக்கும் மெல்லிய திருகு; செட்டை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பொருந்தாத செட்டைப் பொருந்த வைக்கும் வேலை அதனுடையது அல்ல.

கீழ் செட் எல்லோருக்குமே தொல்லைதான். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சில் படலத்தின் மேல் உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறது. கீழ் செட்டுக்கு உட்கார்ந்துகொள்ளக் கிடைக்கும் பரப்பு அதில் ஏறக்குறைய பாதி. நடுவில் நாக்கு, வெளியே கன்னமும் உதடும்; பேசும்போதும் விழுங்கும்போதும் மூன்றும் சேர்ந்து செட்டைத் தூக்குகின்றன. போதாததற்கு, பல் போன தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. 25 ஆண்டுகள் வரை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1972இல் டால்கிரேன் வெளியிட்ட ஆய்வில், கீழ் எலும்பு மேல் எலும்பைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு கரைந்திருந்தது. அம்மாவுக்கு 15 ஆண்டு ஆகிவிட்டது. பசை தோற்றுப்போவதில் வியப்பில்லை.

மினி என்பது டைட்டானியக் கலவையில் ஒரே துண்டாகச் செய்த மெல்லிய திருகு. குறுக்களவு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, 1.8, 2.1, 2.4 என்று வரும், சிலவற்றில் 2.9 வரை உண்டு. நீளம் 10 முதல் 18 மி.மீ. சாதாரண இம்பிளாண்ட் 3.5 மி.மீ.யும் அதற்கு மேலும். மினியின் தலையில் சிறு உருண்டை ஒன்று இருக்கும், அது மட்டும் ஈறுக்கு மேலே தெரியும். செட்டின் அடிப்பக்கத்தில் அதற்கு நேராக உலோக மூடி ஒன்றைப் பதிப்பார்கள். மூடிக்குள் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். ரவிக்கையில் தைக்கும் பிரஸ் பட்டன் போல, அழுத்தினால் மாட்டும், இழுத்தால் கழலும். மெல்லும் பாரத்தைத் தாங்குவது அப்போதும் ஈறும் எலும்பும்தான். திருகு செட்டை எழும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

பழைய செட் வேண்டாம் என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அடியில் எலும்பு கரைந்து இடைவெளி விழுந்த செட்டை முன்பக்கத் திருகுகளில் மாட்டினால், பின்பல்லில் மெல்லும் ஒவ்வொரு முறையும் செட் அந்த உருண்டைகளை அச்சாக வைத்து ஆடும். பாரத்தை ஈறு வாங்க வேண்டிய இடத்தில் 2 மி.மீ. திருகு வாங்கும். மாதக்கணக்கில் அப்படி ஆடினால் திருகு எலும்புக்குள் தளரும், இல்லாவிட்டால் கழுத்தில் முறியும். முறிந்த துண்டை எடுக்கச் சுற்றி எலும்பைக் குடைய வேண்டும். "வெட்டு இல்லை" என்று தொடங்கிய வேலை அங்கே பெரிய வெட்டில் முடியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பசை இல்லாமல் கீழ் செட்டைப் போடச் சொல்லி, ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லின் மேல் விரலால் அழுத்துங்கள். மறுபக்கம் எழும்பினால் அடிப்பாகம் பொருந்தவில்லை. வாயை மூடும்போது மோவாய் மூக்கை நோக்கி ஏறுகிறதா, கடைவாய் ஓரங்களில் வெடித்துப் புண்ணாகிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் செட்டின் பற்கள் தேய்ந்து தாடை வேண்டியதற்கு மேல் மூடிக்கொள்கிறது என்று பொருள். அந்த நிலையில் அடியில் புதுப்பூச்சு மட்டும் போதாது, மேலும் கீழும் ஜோடியாகப் புது செட் செய்ய வேண்டும். 9 ஆண்டு ஆன செட்டில் இதைத்தான் எதிர்பார்க்கலாம்.

புது செட்டை முதலில் இம்பிளாண்ட் இல்லாமலே ஒரு மாதம் போட்டுப் பழகட்டும். புண் படும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்து, கடிப்பு அமைந்த பிறகு மினி போடுவதுதான் சரியான வரிசை. இன்னொரு லாபமும் உண்டு: சிலருக்கு நன்றாகச் செய்த புது செட்டே போதுமென்று தோன்றிவிடும், திருகுச் செலவே மிச்சம். செட் செய்யும்போதே பின்னால் மினி வரப்போகிறது என்று சொல்லி வையுங்கள். மூடிகள் பதியக் குடைய வேண்டியிருப்பதால் முன்பக்கம் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் குடைந்த இடத்தோடு செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் விரிசல் விடும். இடம் குறைவு என்றால் உள்ளே உலோக வலை வைத்துச் செய்யலாம்.

இனி அந்த "வெட்டு இல்லை, தையல் இல்லை". மினி போடும்போது ஈறைக் கிழித்து விலக்காமல், ஈறின் மேலிருந்தே துளைத்து இறக்குவது உண்மைதான். வலியும் வீக்கமும் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அப்படித் துளைப்பவருக்கு எலும்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஒரே ஒரு தட்டை எக்ஸ்ரேயை வைத்துத் திட்டமிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் அந்தப் படத்தில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. கீழ்த்தாடையின் உட்பக்கம், நாக்கின் அடியில், சிலருக்குக் குழிந்திருக்கும். நேராகத் துளைக்கிறோம் என்று நினைத்துப் போனால் முனை எலும்பைத் தாண்டி நாக்கடித் தசைக்குள் நுழையும். அங்கே ஓடும் சிறு தமனி கிழிந்தால் இரத்தம் வாயின் அடித்தளத்தில் தேங்கி நாக்கை மேலே தள்ளும், மூச்சுப்பாதையை அடைக்கும். அரிதுதான், நடந்தால் உயிர் போகும் விஷயம். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால் இந்தக் குழிவும் அகலமும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஸ்கேனில் என்ன பார்க்கிறார்கள்? திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும். அதாவது 2 மி.மீ. திருகுக்கு 4 மி.மீ.யாவது அகலம், 10 மி.மீ.யாவது உயரம். மோவாயின் இரு பக்கமும் ஒரு நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் துளை இருக்கிறது. நான்கு திருகும் அந்த இரு துளைகளுக்கும் நடுவில்தான் வர வேண்டும். கடைசித் திருகு துளைக்கு 7 மி.மீ.யாவது முன்னால் நிற்பது நல்லது, ஏனென்றால் சிலருக்கு நரம்பு முன்பக்கமாக ஒரு வளைவு எடுத்துத் திரும்பும். இரண்டு திருகுகளுக்கு நடுவில் 5 மி.மீ.யாவது வேண்டும், நெருங்கினால் மூடிகள் ஒன்றையொன்று இடிக்கும். எலும்பின் மேல்விளிம்பு கூர்மையாக, மெல்லியதாக இருந்தால் துரப்பணம் வழுக்கி ஓரத்தில் இறங்கிவிடும். அப்போது ஈறைச் சிறிது திறந்து விளிம்பைத் தட்டையாக்கிவிட்டுப் போடுவதுதான் பத்திரம். "தையல் இல்லாமல்" என்று பிடிவாதம் பிடிக்கும் இடம் அதுவல்ல. அதே போல, உருண்டை வெளிவரும் இடத்து ஈறு கெட்டியாக எலும்போடு ஒட்டியிருக்க வேண்டும். உதட்டை இழுத்தால் கூடவே அசையும் மெல்லிய சவ்வில் வந்தால் ஓயாமல் எரியும்.

மேலே நான்கு ஏன் வேண்டாம்? மேல்தாடை எலும்பு கடற்பஞ்சுத் தன்மை கொண்டது, மெல்லிய திருகுக்குப் பிடி குறைவு. மினி அதிகம் தோற்பது அங்கேதான். போடத்தான் வேண்டும் என்றால் குறைந்தது 6, அதுவும் சற்றுத் தடித்த வகையாக வேண்டும். அண்ணத்தையும் மூடியே வைப்பது பாதுகாப்பு. அம்மாவின் மேல் செட் பரவாயில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலிக்காத இடத்துக்கு ஏன் மருந்து? அந்த நான்குக்கான பணத்தைப் புது செட்டுக்கும் ஸ்கேனுக்கும் திருப்புங்கள்.

மருந்துகளில் நான் அதிகம் யோசிப்பது எலும்பு மாத்திரையைப் பற்றித்தான். வாரம் ஒன்று என்றால் பெரும்பாலும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராமாக இருக்கும். மாத்திரைப் பட்டையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வகை மருந்து எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் தாடையில் காயம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து அழுகும் சிக்கல் மிகச் சிலருக்கு வருகிறது. மாத்திரையாக எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் 4 ஆண்டைத் தாண்டினால் கொஞ்சம் கூடுகிறது, இனிப்புநீரும் சேர்ந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். இதனால் மட்டும் மினி போடவே கூடாது என்றில்லை. சிக்கல் வரக்கூடும் என்பதை அம்மாவுக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு செய்யலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஆடும் செட் ஒரே இடத்தை ஓயாமல் உராய்ந்து புண்ணாக்குவதும் இதே சிக்கலைத் தொடங்கிவைக்கும். ஆகவே ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஆபத்தில்லாத வழி அல்ல.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாற்றியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசியைத் தள்ளிப்போட்டால் எலும்புத் தேய்மானம் வேகமாகத் திரும்பி முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. பல் வேலையின் தேதியை ஊசித் தேதிக்கு ஏற்பத்தான் வைக்க வேண்டும். புற்றுநோய்க்காக நரம்பு வழியே ஸோலெட்ரோனிக் அமிலம் ஏற்றுபவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இம்பிளாண்ட் பேச்சே வேண்டாம்.

எச்பிஏ1சி 7.8 என்பது விளிம்பில் நிற்கும் எண். 8ஐத் தாண்டினால் நான் தள்ளிப்போடச் சொல்வேன். செட் செய்யும் இந்த இரண்டு மூன்று மாதத்தில் 7க்கு அருகே இறக்கப் பாருங்கள். ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. ஈறில் வரும் கசிவைத் துணி வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம், இதயத்தில் வரும் அடைப்பை அப்படி நிறுத்த முடியாது.

வெற்றிலையை நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு நேரடிக் காரணங்கள். நம் சமூகத்தில் அது அதிகம் வருவதும் இதனால்தான். பல்லே இல்லாதவர்கள் பல் டாக்டரிடம் போவதில்லை, அதனால் வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் யார் கண்ணிலும் படாமல் போகிறது. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் திருகைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணைச் "செட் குத்தின புண்" என்று விட்டுவிடாதீர்கள்.

அன்றைய வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரமாகக் கேளுங்கள். அம்மா வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு வரட்டும். ஊசி போட்டு மரத்த பின், ஈறின் தடிமனை மெல்லிய கருவியால் குத்தி அளப்பார்கள். 1.1 அல்லது 1.3 மி.மீ. துரப்பணத்தால் சிறு வழித்துளை போடுவார்கள், உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே சாகத் தொடங்கும் என்பதால் அந்தத் தண்ணீர் முக்கியம். துளை திருகின் முழு நீளத்துக்கும் போகாது. மிச்ச வழியைத் திருகே வெட்டிக்கொண்டு இறங்கும். முதலில் விரலால், பிறகு சிறு சாவியால், கடைசியில் இறுக்க அளவு காட்டும் ராட்செட் என்ற சாவியால் முடுக்குவார்கள். கீழ்த்தாடை எலும்பு கெட்டி. சில சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி எலும்புக்கு இளக நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் 2 மி.மீ. உலோகம் அங்கேயே முறிந்துவிடும். இறுகினால் திரும்பக் கழற்றி வழித்துளையைக் கொஞ்சம் ஆழமாக்குவதுதான் முறை. மரைகள் முழுவதும் எலும்புக்குள், உருண்டை மட்டும் ஈறுக்கு மேலே, நான்கும் கூடியவரை ஒரே திசையில் இணையாக. சாய்ந்து நின்றால் செட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஓ ரிங் ஒரு பக்கமாகக் கிழிபடும்.

"ஒரே நாளில் மாட்டலாமா" என்ற கேள்விக்கு விடை அந்த ராட்செட்டில் இருக்கிறது. நான்கு திருகும் 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கத்தை எட்டினால் அன்றே மூடி பதித்து மாட்டலாம். ஒன்று எட்டாவிட்டாலும் அன்று மாட்டக் கூடாது. செட்டின் அடியைக் குடைந்து உருண்டைகளைச் சுற்றி மென்மையான ரப்பர்ப் பூச்சு வைத்து, 3 அல்லது 4 மாதம் எலும்பு பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கிளினிக்கில் இதை முன்கூட்டியே கேளுங்கள்: "இறுக்கம் வரலன்னா என்ன செய்வீங்க?" "அப்படி வராது" என்று பதில் வந்தால் வேறு கிளினிக் பாருங்கள்.

மூடி பதிப்பது சின்ன வேலை போலத் தெரியும், பிசகு அதிகம் நடப்பது அங்கேதான். உருண்டைகளின் மேல் மூடிகளை வைத்து, குடைந்த செட்டைப் போட்டுப் பார்த்தால் அது எங்கும் மூடியை இடிக்காமல் ஈறின் மேல் முழுதாக உட்கார வேண்டும். இடித்தால் செட் உயர்ந்து நின்று கடிப்பே மாறிவிடும். உருண்டையின் கழுத்தைச் சுற்றி ரப்பர்த் துண்டு போட்டு அடைத்த பிறகுதான் அக்ரிலிக் கூழை வைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கூழ் உருண்டைக்கு அடியில் ஓடி இறுகி, செட் வாயோடு பூட்டிக்கொள்ளும். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கூழ் இறுகும் சில நிமிடம் அம்மா லேசாகப் பற்களைச் சேர்த்து வைத்திருந்தால் போதும். பலமாகக் கடித்தால் ஈறு அமுங்கிய நிலையில் மூடி பதிந்து, பிறகு செட் எப்போதும் கொஞ்சம் தூக்கியே நிற்கும்.

அன்று மாட்டியிருந்தால் முதல் இரண்டு நாள் டாக்டர் சொல்லாமல் செட்டைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் ஈறு வீங்கி உருண்டையை மூடிக்கொள்ளும், திரும்ப மாட்ட வராது. இரண்டு வாரம் மெத்தென்ற சாப்பாடு. மெத்தென்று என்றதும் நாள் முழுக்க அரிசிக் கஞ்சி ஊற்றாதீர்கள், சர்க்கரை ஏறிவிடும். சாம்பாரில் ஊறிய இட்லி, பருப்பு, அவித்த மீன், தவ்ஃபூ, முட்டை என்று கொடுங்கள். அதே சமயம், வாய் வலிக்கிறதென்று சாப்பிடாமல் கிளிக்லசைடை மட்டும் விழுங்கினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். முதல் மூன்று நான்கு நாள் வீட்டுக் கருவியில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அறிகுறிகளுக்குத் தாமதம் கூடாது. நாக்கின் அடி வீங்கி நாக்கு மேலே தள்ளப்படுவது, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுவது: கிளினிக்குக்கு போன் போட்டுக்கொண்டிராமல் நேரே செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இது வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தும் வரலாம். மற்றது மரப்பு. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். மறுநாள் காலையிலும் மோவாயோ கீழுதடோ மரத்திருந்தால் அன்றே கூப்பிடுங்கள். திருகு நரம்பை அழுத்துகிறது என்றால் உடனே கழற்றினால் உணர்வு திரும்ப வாய்ப்புண்டு. "போகப் போகச் சரியாகிடும்" என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

அதன் பிறகு தினசரிப் பழக்கம். செட்டை இரு பக்கமும் விரல் வைத்து நேராக அழுத்தி மாட்ட வேண்டும். கடித்து உட்கார வைக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது, அது ஓ ரிங்கையும் மூடியையும் கெடுக்கும். கழற்றும்போது இரு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் மேலே தூக்க வேண்டும், ஒரு பக்கமாக நெம்பக் கூடாது. அம்மாவுக்கு விரல்மூட்டு வலி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிடிப்புக் குறைந்த வளையம் போடலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கட்டும். வெந்நீர் கூடாது, செட் வளைந்துவிடும். குளோராக்ஸ் கூடாது, ரப்பர் கெடும். மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போதும். பற்பசையின் துகள் அக்ரிலிக்கைக் கீறும். வாயில் இருக்கும் நான்கு உருண்டைகளையும் ஈறோடு சேரும் இடத்தில் சுற்றிச் சுற்றித் துலக்க வேண்டும். இது விடுபட்டால் பல்லைச் சுற்றி வருவது போலவே ஈறு வீங்கி, எலும்பு கரையும். கறுத்த வெற்றிலைக் கறை அங்கேதான் முதலில் ஏறும்.

மெல்லும்போது பின்பல்லில், இரு பக்கமும். கீழ் செட் முன்னால் கெட்டியாக நின்றதும் பலர் முன்பல்லாலேயே கடித்துத் தின்னத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் மேல்தாடையின் முன் எலும்பு கரைந்து ஈறு தொளதொளவென்று ஆகிவிடும். முறுக்கு தின்ன ஆசை என்றால் உடைத்துப் பின்னால் வைத்து மெல்லட்டும்.

ஓ ரிங் தேய்மானப் பொருள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பிடிப்பு இளகும். மாற்றுவது சில நிமிட வேலை. வளையம் அடிக்கடி, அதுவும் ஒரே மூடியில் மட்டும் தேய்ந்தால், திருகு சாய்ந்திருக்கிறது அல்லது செட் ஆடுகிறது என்று அர்த்தம். ஆண்டுக்கு ஒரு முறை பின்பக்கத்தை அழுத்திப் பார்த்து, இடைவெளி விழுந்திருந்தால் அடிப்பூச்சு புதுப்பிக்க வேண்டும். மினி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. கீழ்த்தாடையில் ஒழுங்காகப் போட்டு, செட் ஆடாமல் பார்த்துக்கொண்டால் பல ஆண்டு நிற்கும். நான்கில் ஒன்று போனாலும் மற்ற மூன்றை வைத்துப் பெரும்பாலும் ஓட்டலாம். "வாழ்நாள் முழுக்க" என்று எவர் சொன்னாலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சித்திக்குப் போட்டது தரத்தில் உயர்ந்த வழி என்றே சொல்வேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்ட் மேல் நிற்கும் செட்டைத்தான் முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்; பிரிட்டனின் யார்க்கில் 2009இல் கூடியவர்களும் அதையே வழிமொழிந்தார்கள். அவர்கள் பேசியது சாதாரண அளவு இம்பிளாண்டைப் பற்றி. அதில் மேல்முனை தேய்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரே துண்டான மினியில் உருண்டை தேய்ந்தால் முழுத் திருகும் போக வேண்டும். ஆனால் பெரியதற்கு அகலமான எலும்பு வேண்டும், வழக்கமாக ஈறைத் திறக்க வேண்டும், மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். எலும்பு மெலிந்திருந்தால் எலும்பு ஒட்டு வேலையும் சேரும். ஸ்கேனில் அம்மாவுக்கு 6 மி.மீ.க்கு மேல் அகலம் இருந்தால் இரண்டு பெரியதைப் பற்றிக் கேளுங்கள். எலும்பு மெலிந்து, 6 ஆண்டு எலும்பு மாத்திரையும் இருக்கும்போது ஒட்டு வேலைக்குப் போக மாட்டேன். அங்கே நான்கு மினி நியாயமான தேர்வு.

விலை விசாரிக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஸ்கேன், புது செட், மூடி பதிப்பது, முதல் ஆண்டு ஓ ரிங், அடிப்பூச்சு, ஒரு திருகு தோற்றால் மாற்றுவது எல்லாம் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். திருகின் பெயர், அளவு, தயாரிப்பு எண் அச்சிட்ட ஒட்டியைக் கேட்டு வாங்கி வையுங்கள். நாளை வேறு ஊரில் ஓ ரிங் மாற்ற நேர்ந்தால் எந்த அளவு என்று தெரிய வேண்டுமே. அந்தப் பொருள் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா, டாக்டருக்கு மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் நடப்பு ஆண்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டித் தருபவர்கள் இப்போது இம்பிளாண்ட் பேச்சும் பேசுகிறார்கள், கிட்டே சேர்க்காதீர்கள். இரண்டாவது கருத்து வேண்டுமானால் கெடாவில் பீடோங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் உங்களுக்கு அருகில். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

எம்ஆர்ஐக்குத் தடையில்லை. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தாடைக்கு அருகே எடுக்கும் படத்தில் மட்டும் கொஞ்சம் நிழல் விழும். இம்பிளாண்ட் இருக்கிறது என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லி அந்த ஒட்டியைக் காட்டுங்கள். செட்டில் பதித்த மூடி வேறு உலோகமாக இருக்கலாம் என்பதால் உள்ளே போகும் முன் செட்டை மட்டும் கழற்றி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.